அரட்டை மொழி

  

'அரட்டை' என்னும் சொல்லைத் தமிழர் மதிப்போடு வழங்குவதில்லை. படிக்கிற நேரத்தில் அரட்டை என்ன என்று கண்டிக்காத பெற்றோர் அரியர். வகுப்பறையில் அது குற்றப்பெயர்; அலுவலகத்திலும் அவ்வாறே. இலக்கிய வட்டங்களோ, தம் கூட்டத்தைப் பிறர் அரட்டை என்று சொல்லிவிடக் கூடாதே என்றஞ்சித் 'திறனாய்வு', 'கருத்தரங்கு' எனப் பெயரிட்டுக் கொள்கின்றன. ஆயினும் கூட்டம் கலைந்தபின் தேநீர்க் குவளையோடு நிற்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் உண்மையான இலக்கியப் பேச்சு நிகழ்கிறது என்பதைப் பத்தாண்டு கண்ட இவ்வவை நன்கறியும்.

பழந்தமிழ் இலக்கணம் இப்பேச்சை இழிவாகக் கருதவில்லை. செய்யுளியலில் உரை நான்கு வகைப்படும் என்ற தொல்காப்பியர், பொருள் பொதிந்த நகைமொழியை அவற்றுள் ஒன்றாக வைத்தார். மெய்ப்பாடு எட்டனுள் முதலில் நிற்பது நகையே. அது தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறினார். இன்று கல்லூரி மாணவர் இருவர் கைப்பேசியில் ஓரிரவு முழுதும் எழுதிக்கொள்ளும் கேலியை எடுத்துப் பிரித்துப் பார்த்தால், பெரும்பகுதி இந்நான்கனுள் அடங்கிவிடும். எள்ளல் மட்டும் சற்று மிகுந்திருக்கும்!

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டியை இங்கு நினையாதிருத்தல் இயலாது. அங்கே கம்பனும் பேசப்பட்டான்; இசையும் பேசப்பட்டது; உணவின் சுவையும் பேசப்பட்டது. தலைமையுரை இல்லை, நன்றியுரை இல்லை. டி.கே.சி. 1954-இல் மறைந்தார். அவருடைய கடிதங்களும் கட்டுரைகளும் எஞ்சின. நண்பர்கள் எழுதிய நினைவுகள் எஞ்சின. பேச்சு எஞ்சவில்லை. எந்தச் சொல்லுக்கு எவர் சிரித்தார், எவர் இடைமறித்தார் என்பதெல்லாம் அத்தொட்டிக்கட்டிலேயே கரைந்துபோயின.

இன்றைய அரட்டைக்கு நேர்ந்திருப்பது இதற்கு நேர்மாறான விதி. அது பேசப்படுவதில்லை, எழுதப்படுகிறது. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் 1988-இல் யார்க்கோ ஓய்க்கரினென் இணையவழி உடனுரையாடலுக்கு ஒரு நிரலை ஆக்கினார். 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் முதற் குறுஞ்செய்தி சென்றது. அதன்பின் பேச்சு விரல்நுனிக்கு வந்துவிட்டது. சொல் எஞ்சுகிறது, குரல் எஞ்சுவதில்லை.

குரல் இல்லாத கேலி எத்துணை இடர் தரும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1982-ஆம் ஆண்டு கணிப்பொறி வழியே சிலர் வேடிக்கையாக உரையாடிக் கொண்டிருந்தனர். கயிறறுந்து விழும் மின்தூக்கிக்குள் ஒரு பாதரசத் துளி இருந்தால் அஃது என்னாகும் என்பது பேச்சு. அதைத் தொடர்ந்து ஒருவர், மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டது என்று எச்சரிக்கை போல எழுதினார். நகையை நகையென்று அறியாத சிலர் அதனை மெய்யென்றே நம்பினர். வேடிக்கைக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்ற பேச்சு அதனால் எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் ஸ்காட் ஃபால்மன் என்னும் பேராசிரியர், முக்காற்புள்ளி, சிறுகோடு, வளைந்த அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் சிரித்த முகம் தோன்றும் என்றார். 1999-இல் சப்பானில் ஷிகெடகா குரிடா வரைந்த 176 சிறுபடங்கள் அவ்வழியில் ஒரு பெரும்படி. 'எமோஜி' என்னும் சப்பானியச் சொல்லுக்குப் பட எழுத்து என்பதே பொருள்.

தமிழுக்கு இம்மஞ்சள் முகங்கள் அவ்வளவு தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. தேர்வெழுதி வந்த மாணவி தோழிக்கு எழுதுகிறாள்: 'நல்லா எழுதினேன்'. இது செய்தி. 'நல்லாவே எழுதினேன்' என்றால் தேற்றம். 'நல்லாத்தான் எழுதினேன்' என்றால், மதிப்பெண் வருமா என்பது வேறு கதை என்று பொருள். அவள் எழுதியதைத் தோழி மற்றொருத்திக்குச் சொல்லும்போது 'நல்லா எழுதினாளாம்' என்கிறாள். நம்பவில்லை என்பது அந்த 'ஆம்' என்னும் ஓரசையில் அடங்கிவிட்டது. சொல்லாமல் விட்டதை உணர்த்தும் ஆற்றலை இலக்கணிகள் ஒழியிசை என்றனர். பிற மொழியினர் படம் வரைந்து காட்டும் முகக்குறிப்பைத் தமிழ் இடைச்சொல்லில் வைத்திருக்கிறது. கவிஞர்கள் இதனைப் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் இதனைச் செய்கிறார்கள்.

இசை பற்றிய வழக்கும் அவ்வாறே பழையது. தஞ்சைப் பகுதியின் லாவணியில், காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறுகட்சியும் விடிய விடியப் பாடி மோதும். முடிவு காண்பது எவர் நோக்கமுமன்று. 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாவா, 1992-இல் 'ரோஜா'வோடு வந்த ரகுமானா என்று இளைஞர் இன்றும் இரவெல்லாம் எழுதிக்கொள்வது அதே எரிந்த கட்சி, எரியாத கட்சிதான். டேப் மட்டும் இல்லை.

ஆனால் இவ்வளவு தமிழும் எந்த எழுத்தில் எழுதப்படுகிறது? இங்கேதான் உண்மையான இழப்பு இருக்கிறது. தமிழ் பேசும் இளைஞருள் பலர் இவ்வரட்டையை ரோமன் எழுத்தில் எழுதுகின்றனர். இதனை மொழிப்பற்றின்மை என்று மேடைகளில் கடிந்துரைப்பது எளிது. காரணம் பெரிதும் கணக்கில் இருக்கிறது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ரோமன் எழுத்தொன்றுக்கு 7 பிட் போதும். ஆதலால் 160 எழுத்து அடங்கும். தமிழெழுத்துக்கோ ஒவ்வோர் இடத்திற்கும் 16 பிட் வேண்டும். 70 இடமே கிடைக்கும். அவ்வெழுபதும் எழுபது எழுத்தல்ல. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடு முறையில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து இடம். திருக்குறளின் முதற் குறளைப் பதம் பிரித்து எண்ணினால் 26 எழுத்து. அதுவே 39 இடமாகி, சீர்களுக்கிடையேயுள்ள வெளியையும் சேர்த்தால் 45 இடம் கொள்கிறது. வள்ளுவர் தப்பினார். ஒரு நேரிசை வெண்பா பெரும்பாலும் தப்பாது. இரண்டு செய்திக்குரிய கட்டணம் கேட்கும். பல கைப்பேசிகளில் தமிழெழுத்தே தெரியாத காலமும் ஒன்றிருந்தது. முத்து நெடுமாறனின் செல்லினம் 2005-இல் சிங்கப்பூரில் அறிமுகமாகிக் கைப்பேசியில் தமிழுக்கு வழி செய்தபோது, ஒரு தலைமுறையின் விரல்கள் வேறு பழக்கத்துக்குப் பழகிவிட்டிருந்தன. இன்று எழுபதின் தளையும் பெரிதும் அகன்றுவிட்டது. தமிழ் விசைப்பலகை இல்லாத கைப்பேசி அரிது. பழக்கம் மட்டும் நிற்கிறது.

ரோமன் எழுத்தில் லகரமும் ளகரமும் ஒன்று. ரகர றகரமும் அப்படியே. குறிலும் நெடிலும் எழுதுவோர் சோம்பலைப் பொறுத்தவை. 'நாளை பள்ளி இல்லை' என்பதும் 'நாளை பல்லி இல்லை' என்பதும் வேறுபாடின்றி நிற்கும். படிப்பவன் இடம் நோக்கிப் பொருள் கொள்வான் என்பது மெய்யே. ஆயினும் காளமேகத்தின் சிலேடைக்கு உயிர், ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்னும் அச்சத்திலன்றோ இருக்கிறது! அவ்வச்சம் போனபின் சிலேடை எங்கே நிற்கும்?

பேச்சை எழுதுவது இழிவு என்னும் எண்ணத்தில் கற்றவர்க்கும் பங்குண்டு. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, ஊர்ப்பேச்சையும் வதந்தியையும் வணிகர் வாய்மொழியையும் பேச்சுநடையிலேயே கொண்டது. அந்நூற்றாண்டுத் தமிழர் எவ்வாறு பேசினர் என அறிய விரும்புவோர் அதனிடமே செல்லவேண்டும். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982-இல் அகராதியாக்கியபோது, திண்ணைப் பேச்சுக்கு ஓர் இருக்கை கிடைத்தது. எனினும் 'வந்துட்டேன்' என்பதையும் 'சாப்ட்டியா' என்பதையும் தமிழெழுத்தில் எப்படி எழுதுவது என்று எந்தப் பள்ளியும் கற்பிப்பதில்லை. பிழையாகிவிடுமோ என்றஞ்சும் பிள்ளை, பிழையே காண முடியாத ரோமனுக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறது. சிவப்பு மையைச் சற்றுச் சிக்கனமாகச் செலவிட்டிருக்கலாம்.

நெல்லைப் பக்கத்துச் சிற்றூரில் ஓர் ஆச்சி. ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். பேரன் பெங்களூரில் வேலை. அவனது ரோமன் எழுத்து ஆச்சிக்கு ஆகாது. எனவே ஆச்சிக்கு மட்டும் தமிழில் எழுதுவான். ஒருநாள், 'ஆச்சி, தலையில் பள்ளி விழுந்தால் என்ன பலன்?' என்று கேட்டான். ஆச்சியின் பதில் நெடுநேரம் கழித்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்து வந்தது:

'பள்ளிக்கூடம் இடிஞ்சி தலையில விழுந்தா பலனாலே பாப்பாவ? ஆசுபத்திரிக்குப் போலே. பல்லுக்குப் போடுத ல-வைப் போட்டுக் கேளு, சொல்லுதேன்.'

அவன் மஞ்சள் முகம் ஒன்றைச் சிரிக்கவிட்டு அனுப்பினான். உடனே அடுத்த செய்தி வந்தது:

'இது யார்லே? போன் போட்டு நீ சிரி.'