திறந்த நாளை எழுதி வையுங்கள்

(ஆஸ்பத்திரி ஆதரவாளர்களின் கூடுகையில், கண் சிகிச்சைப் பிரிவின் மருந்தாளர் பேசியது)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றே பழகிவிட்டேன். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "கிளாக்கோமாவைப் பற்றி நீங்கள் பேசுங்கள்" என்றார்கள். நோயைப் பற்றி அவர்களே நன்றாகச் சொல்வார்கள். அந்த நோய்க்கு நாங்கள் கொடுக்கும் சிறிய பாட்டிலைப் பற்றி மட்டும் நான் சொல்லுகிறேன்.

கிளாக்கோமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சங்கொஞ்சமாய்க் கெடுக்கிற வியாதி. வலி இராது. ஓரப் பார்வை முதலில் போகும், நோயாளிக்கே தெரியாது. போன பார்வையை எந்த மருந்தும் திருப்பித் தராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. அதனால்தான் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் விடுகிற சொட்டைப் போல இதை நிறுத்த முடியாது. உயிர் உள்ளவரை விட வேண்டும்.

ஒரு சித்திரை மாதம், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் என் ஜன்னலுக்கு வந்தார். கண் அழுத்தம் சாதாரணமாக 10-லிருந்து 21 வரை இருக்கும். அவருக்கு 31 இருந்தது. "மருந்து விடுகிறீர்களா ஐயா?" என்று கேட்டேன். மடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து, அதற்குள் கைக்குட்டையில் சுற்றிய பாட்டிலைக் காட்டினார். அதில் இன்னும் மருந்து இருந்தது. எப்போது திறந்தீர்கள் என்றேன்.

"பொங்கலுக்கு முன்னாடி, அம்மா. ஒரு நாள் வலது கண்ணு, ஒரு நாள் இடது கண்ணு. சிக்கனமாத்தான் விடுறேன். தேதி அடுத்த வருஷம் வரைக்கும் இருக்குதே!"

அவர் பொய் சொல்லவில்லை. பாட்டிலில் அடுத்த வருஷத் தேதிதான் அச்சிட்டிருந்தது. ஆனால் அது திறக்காத பாட்டிலுக்குரிய தேதி. மூடியைத் திறந்த அன்றே வேறொரு கணக்கு ஆரம்பமாகிறது. நம் நாட்டின் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, "திறந்த பின் ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தவும்" என்ற வாக்கியம் கண் சொட்டு மருந்து லேபிளில் இருக்க வேண்டும். அவருடைய பாட்டிலிலும் இருந்தது. ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், பார்வை குறைந்த ஒரு மனிதருக்கு! வாயால் சொல்ல வேண்டியவள் நான். அந்தப் பாட்டிலைக் கொடுத்த அன்று ஜன்னலில் கூட்டம். "ராத்திரி ஒரு சொட்டு" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஏன் ஒரு மாதம்? இரண்டு காரணம். ஒன்று, கிருமி. பெரும்பாலான பாட்டில்களில் பென்சல்கோனியம் குளோரைடு போன்ற ஒரு பாதுகாப்பு மருந்தைக் கலந்திருப்பார்கள். ஆனால் நாம் நாள்தோறும் திறக்கிறோம். நுனி இமையில் படுகிறது, விரலில் படுகிறது. அந்தக் காவல் எந்நாளும் தாங்காது. சூடோமோனாஸ் என்றொரு கிருமி கருவிழியில் புகுந்தால் சில நாட்களிலேயே புண்ணாக்கிப் பார்வையைப் பறித்துவிடும். 2023-ல் அமெரிக்காவில் கண்ணீர்ச் சொட்டு மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்ட தொற்றில் 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அது கிளாக்கோமா மருந்து அல்ல, வீட்டில் நாள்கடத்தியதால் வந்ததும் அல்ல. ஆனாலும் கண்ணில் விடுகிற தண்ணீருக்குள் கிருமி போனால் என்ன ஆகும் என்பதற்கு அதைச் சொல்லுகிறேன். கிளாக்கோமாவுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இன்னும் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், மருந்தின் வீரியம். 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லட்டனோபிராஸ்ட் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இது சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஆகாது. திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். திறந்தபின் 25 டிகிரி வரை வெளியில் வைக்கலாம். அமெரிக்க லேபிள் ஆறு வாரம் என்கிறது, பிரிட்டன் லேபிள் நான்கு வாரம் என்கிறது. ஒரே மருந்துதான்! இதைக் கேட்டு நீங்கள் குழம்ப வேண்டாம். நம் ஊர் மே மாதத்தில் எந்த ஓட்டு வீட்டுக்குள் 25 டிகிரி இருக்கும்? குறைந்த கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டி இருந்தால் கதவுத் தட்டில் வையுங்கள், உறைய விடாதீர்கள். இல்லாத வீடுகளில், பாட்டிலை மூடிய டப்பாவில் போட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைக்கச் சொல்லுகிறோம். குளிர்பெட்டி வேண்டாத வகையும் இப்போது நம் நாட்டில் கிடைக்கிறது. டிமோலால் மருந்துக்குப் பொதுவாக அவ்வளவு குளிர் தேவையில்லை. ஆனால் ஒரு மாதக் கணக்கு அதற்கும் உண்டு.

இனி சொட்டுக் கணக்கு. லட்டனோபிராஸ்ட் பாட்டில் 2.5 மில்லி, உத்தேசமாக 80 சொட்டு. இரண்டு கண்ணுக்கும் ராத்திரி ஒவ்வொரு சொட்டு என்றால் 30 நாளைக்கு 60 சொட்டு. மீதி 20, கை நடுங்குகிறவர்களுக்குக் கன்னத்தில் வழிந்துபோவதற்கு! ஆகவே சரியாக விட்டால் பாட்டில் மாதக் கடைசியில் தானே காலியாகிவிடும். மூன்று மாதம் வந்தது என்று ஒருவர் சொன்னால், மருந்து கண்ணுக்குப் போகவில்லை என்று அர்த்தம். பெரியவரின் 31 அங்கேதான் உண்டாயிற்று. அவருக்குக் கிருமி வரவில்லை, சிக்கனம்தான் வந்தது.

இதற்காக யாரும் பயந்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. 31-ஆம் நாள் காலையில் அது விஷமாகிவிடுவதில்லை. ஒரு வாரம் முன்னதாகவே அடுத்த பாட்டிலை வாங்கி வையுங்கள். கிடைக்கத் தாமதமானால் எங்களிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு சொட்டே போதும். கண் அதற்கு மேல் கொள்ளாது. விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். இரண்டு மருந்தானால் நடுவில் ஐந்து நிமிஷம் விடுங்கள்.

இப்போது சொல்லத் தயங்குகிற ஒரு காரியம். நீங்கள் அன்போடு கொண்டுவந்து தரும் மருந்துப் பைகளில் பாதி உபயோகித்த கண் மருந்துகளும் இருக்கின்றன. ஒரு சகோதரி, தன் தாயார் காலமான இரண்டு மாதத்துக்குப் பிறகு, அவர் விட்டுக்கொண்டிருந்த பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்கள். "ஒரு ஏழைக்காவது ஆகட்டும்" என்றார்கள். வாங்கிக்கொண்டேன். அவர்கள் போனபின் அதை அப்புறப்படுத்தினேன். அன்றைக்கு அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்றைக்குச் சொல்லுகிறேன். திறந்த பாட்டில் இன்னொருவர் கண்ணுக்கு ஆகாது. மேலும் டிமோலால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சையே அடைத்துவிடக்கூடும். ஒருவருக்கு எழுதியதை டாக்டரைக் கேட்காமல் மற்றவர் விடக் கூடாது. முத்திரை உடைக்காத பாட்டிலானாலும், அது எங்கே எப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஆகையால் மருந்தாகத் தர வேண்டாம். ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 12 பாட்டில் வேண்டும் என்பதை மாத்திரம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முகாமில் ஒரு பாட்டில் கொடுப்பது அவருக்கு ஒரு மாதம்தான்.

அந்தப் பெரியவருக்கு இப்போது அவருடைய பேத்தி மருந்து விடுகிறாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். பாட்டிலைத் திறக்கிற அன்று, பெட்டியின் மேல் தேதியைப் பெரிதாகப் பேனாவால் எழுதுகிறாள். தாத்தா தடவிப் பார்த்துச் சிரிக்கிறார். போன தடவை அழுத்தம் 17. சுருங்கிய பார்வை சுருங்கியதுதான். இன்னும் சுருங்கவில்லை.

வீட்டிலிருந்து கண் மருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தோம் அல்லவா? கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் பின்வரிசை மேஜைக்கு வாருங்கள். லேபிளைப் படித்துச் சொல்லுகிறேன். திறந்த தேதி ஞாபகமில்லாதவர்கள் முதலில் வாருங்கள்.