எர்த் இருக்கான்னு கேளுங்க



நம்மில் பலர் குழுக் கடன் வாங்கித்தான் கிரைண்டரும் இண்டக்ஷன் அடுப்பும் வாங்கியிருக்கோம். ஈரக் கையோட அதைத் தொடுறதும் நாமதான். கிரைண்டரைத் தொட்டா சுர்ருன்னு இருக்குன்னு செருப்பு போட்டுக்கிட்டு மாவாட்டுறோம். அது பழகிக்கிற விஷயமில்லை. கசியுற கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லைன்னு அர்த்தம். மூணு பின் பிளக்கில் பெரிய பின்தான் எர்த். அதை உடைச்சிட்டுச் சொருகாதீங்க.

வயரிங் செய்யும்போது வயர்மேன்கிட்ட மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, பச்சை வயர் எல்லா பிளக்கிலிருந்தும் மெயின் பாக்ஸ் வழியா எர்த் குழிவரைக்கும் போகுதா? கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணி ஊத்துங்க. காஞ்ச மண்ணில் கரண்ட் சரியா இறங்காது.

ரெண்டு, வயர் என்ன கனம்? லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம்., 16 ஆம்ப் பிளக்குக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர் வேணும். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு மட்டுமே 9 ஆம்ப் கிட்ட இழுக்கும். அதோட அயர்ன் பாக்ஸும் சேர்ந்தா ஒல்லி வயர் சூடாகும். எம்.சி.பி. அடிக்கடி விழுந்தா, வயரை மாத்தாம பெரிய எம்.சி.பி. மட்டும் மாட்டக் கூடாது.

மூணு, 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. இருக்கா? எம்.சி.பி. வயரைக் காக்கும், கரண்ட் கசிஞ்சா ஆளைக் காக்கிறது இதுதான். மாசம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க, உடனே விழணும்.

வீட்டு வேலைக்குக் கடன் மனு எழுதும்போது இந்தச் செலவையும் சேர்த்தே எழுதுங்க. டைல்ஸ் அடுத்த வருஷம் போட்டுக்கலாம்.