பயத்தால் படிப்பு வருமா?

(ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



கடனும் கவலையும் பெரியவர்களுக்குத்தானே. ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன கவலை இருக்கப் போகிறது என்று உங்களில் பலர் எண்ணலாம். அப்படியானால் ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமை காலையில் வயிற்று வலி என்று அழுகிற பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமையில் மாத்திரம் அந்த வலி ஏன் வருவதில்லை?

டாக்டர் பார்த்து நோயில்லை என்றால் உடனே "பாசாங்கு செய்கிறான்" என்று இரண்டு அடி கொடுக்கிறோம். அல்லது "காத்துக் கருப்பு" என்று தாயத்துக் கட்டுகிறோம். அடித்தவரும் மந்திரித்தவரும் அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அந்த வலி மெய்யான வலியே ஆகும். பயம் ஏற்பட்டால் உடலில் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புகள் அதிகமாகின்றன. நெஞ்சு படபடக்கிறது; ரத்தம் கை கால்களுக்கு ஓடுகிறது; ஜீரணம் தடைப்பட்டு வயிறு பிசைகிறது. யோசிக்கவும் ஞாபகப்படுத்தவும் வேண்டிய மூளைப் பகுதியோ அந்நேரம் சரியாக வேலை செய்வதில்லை. வீட்டில் தடையின்றிச் சொன்ன வாய்ப்பாட்டைப் பிரம்பைக் கண்டதும் பிள்ளை மறந்து விடுவதற்கு இதுவே காரணம். நாமோ அதைக் கண்டு, "இவன் ஜாதிக்குப் படிப்பு ஏறாது", "இவன் தலையெழுத்து இவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். பயமுறுத்தியவர் நாம், பழி தலையெழுத்தின் மேல்! இது என்ன நியாயம்?

"அடியாத மாடு படியாது" என்பார்கள். பிள்ளை மாடா? 2009-ம் வருஷத்திய கட்டாய இலவசக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதை மாத்திரமல்லாமல் மனதைத் துன்புறுத்துவதையும் தடுத்திருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் அந்தச் சட்டம் வராது. அங்கே அறிவுதான் வர வேண்டும்.

பரீட்சைப் பயமும் அப்படியே. 2019-ல் தமிழ்நாட்டு சர்க்கார் 5-ம் வகுப்புக்கும் 8-ம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை என்று உத்தரவிட்டது. பலத்த எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அது ரத்தாயிற்று. சர்க்கார் பரீட்சை போயிற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கோடு ஒப்பிட்டு நாம் தினமும் நடத்தும் பரீட்சை போயிற்றா?

"கஷ்டப்பட்டால்தானே தாங்கும் சக்தி வரும்?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் நாற்பது வயது வரையில் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடிகாரத் தகப்பன், ஓயாத குடும்பச் சண்டை என்று பல துன்பங்களில் வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பிலோ நடத்தையிலோ தொல்லைக்கு ஆளானார்கள். ஆனால் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்கு என்ன துணை இருந்தது? மற்றவற்றோடு முக்கியமாக, நம்பிப் பேச ஒரு பெரியவராவது இருந்தார். அவர் பாட்டியாகவோ, அத்தையாகவோ, உபாத்தியாயராகவோ கூட இருக்கலாம். கஷ்டம் யாரையும் உறுதியாக்கி விடவில்லை. கஷ்டத்தில் பக்கத்தில் நின்ற மனிதர்தான் உறுதியைக் கொடுத்தார். ஆகவே தாங்கும் சக்தியின் பேரால் பிள்ளையின் தலையில் பாரம் ஏற்றுவது மோசடியே ஆகும்.

தாய்மார்களே! தகப்பன்மார்களே! தினம் பத்து நிமிஷம் மார்க்கைப் பற்றிக் கேட்காமல் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். தன்னால் ஆகக்கூடிய ஒரு சிறு வேலையை அதனிடம் ஒப்படையுங்கள். உபாத்தியாயர்களே! தப்பான விடை சொன்ன பிள்ளையை மற்றப் பிள்ளைகள் சிரிக்க விடாதீர்கள். வாரக்கணக்காகத் தூக்கமில்லாமலோ, பேச்சில்லாமலோ, பள்ளிக்கூடம் போக மறுத்தோ பிள்ளை தவித்தால் மன வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். 2022 முதல் 14416 என்ற டெலிபோன் நம்பரில் காசில்லாமல் யோசனை சொல்கிறார்கள். காய்ச்சலுக்கு வைத்தியம் பார்ப்பதில் இல்லாத வெட்கம் இதில் மாத்திரம் எதற்கு?

பயந்து வளர்ந்த பிள்ளை நாளைக்கு எவனுக்கும் கை கட்டி நிற்கும்; கேள்வி கேட்கத் துணியாது. நம் பிள்ளைகள் அப்படி ஆக வேண்டுமா என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்கிறேன்.