காயம் தலையெழுத்தன்று

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிச் செஞ்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விக் கழகத்தின் விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை. எனக்கு முன் பேசிய அறிஞர்கள் அதனை நிறைவாகச் செய்துவிட்டார்கள். ஆகவே, கற்ற கல்வி எங்கே போய்ப் பயன்பட வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு துறையை எடுத்துக்கொண்டு சில சொற்கள் கூற விழைகிறேன். காயத் தடுப்பு என்பது அத்துறையின் பெயர். பெயர் புதிதாகத் தோன்றலாம். பொருள் நமக்குப் புதிதன்று. கதிரடிக்கும் இயந்திரத்தில் விரலை இழந்தவர், கல்லுடைக்கும் இடத்தில் கண்ணை இழந்தவர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர் ஆகியோரில் ஒருவரேனும் இல்லாத தெரு நம்மிடையே எது?

அவர்களைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது? 'அவன் தலையெழுத்து' என்கிறது. இல்லையேல், 'அவனுக்குக் கவனம் போதாது' என்கிறது. முதற்சொல் பழியைக் கடவுள்மேல் போடுகிறது; இரண்டாம் சொல் அடிபட்டவன்மேலேயே போடுகிறது. இடையில் நிற்கும் இயந்திரத்தையும், அதைச் செய்து விற்றவரையும், அதில் வேலை வாங்கியவரையும் எவரும் கேள்வி கேட்பதில்லை. இந்த வாதம் நமக்குப் பழக்கமானதே. சேரியில் பிறந்ததற்கு முற்பிறப்பைக் காரணம் காட்டியவர்களின் வாதமும், கை போனதற்குக் கவனக்குறைவைக் காரணம் காட்டுகிறவர்களின் வாதமும் ஒரே திண்ணைப் பள்ளியில் பாடம் கேட்டவை.

நோய்க்கு இந்தப் பேச்சு எடுபடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். காலரா வந்தால் தண்ணீரைச் சோதிக்கிறோம். மலேரியா வந்தால் கொசுவைத் தேடுகிறோம். காயத்திற்கும் அப்படியொரு காரணம் உண்டு, அதைத் தேடிப் பிடித்து அகற்றலாம் என்று அறிவியல் முறையில் வகுத்துச் சொன்னவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன். அந்நாட்டில் 1966ஆம் ஆண்டு சட்டத்தின் வழியே அமைந்த சாலைப் பாதுகாப்பு அமைப்பின் முதல் தலைவர் அவர். உடல் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஓர் ஆற்றல், அது வேகமாகவோ வெப்பமாகவோ மின்சாரமாகவோ இருக்கலாம், உடலில் வந்து பாய்வதே காயம் என்றார் அவர். ஆற்றல் பாயாமல் தடுக்கலாம். பாய்ந்தாலும் அதன் கடுமையைத் தணிக்கலாம். அடிபட்ட பின் உயிரைக் காக்கலாம். நிகழ்ச்சிக்கு முன், நிகழும்போது, நிகழ்ந்த பின் என்ற மூன்று வேளையிலும் மனிதன், பொருள், சூழல் ஆகிய மூன்றையும் ஆராய வேண்டும் என்பது அவர் வகுத்த அட்டவணை. ஒன்பது கட்டங்கள் கொண்ட அந்த அட்டவணையில் 'கவனக்குறைவு' என்பதற்கு ஒரு கட்டத்தில் ஒரு மூலைதான் இடம். 'விபத்து' என்ற சொல்லே எதிர்பாராமல் வந்து விழுந்தது என்ற பொருளைத் தந்து ஆராய்ச்சியை அடைத்துவிடுகிறது என்று கருதி, பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2001ஆம் ஆண்டில் அதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லைத் தன் பக்கங்களிலிருந்து விலக்கியது. நாம் அச்சொல்லை விலக்க வேண்டியதில்லை. அதைக் கேட்டவுடன் விசாரணையை முடித்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

இந்த அறிவியலை இந்தியக் களத்துமேட்டுக்குக் கொண்டுவந்தவர் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் தினேஷ் மோகன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்பு ஆராய்ச்சியில் பணியாற்றி, 1979ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி அக்கழகத்தில் சேர்ந்தார். போக்குவரத்து ஆராய்ச்சி மற்றும் காயத்தடுப்புத் திட்டம் என்ற பெயரில் அங்கு வளர்ந்த ஆய்வுக்கூடம் பின்னர் தனி மையமாகவே உயர்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையமாகவும் விளங்கிற்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் கொரோனா நோய் அவரைக் கொண்டுசென்றது.

அவர் ஆராய்ந்த பொருள்களுள் இரண்டை மட்டும் விரித்துச் சொல்கிறேன். நம் கைகளோடு தொடர்புடையவை அவை. பசுமைப் புரட்சிக்குப் பின் பஞ்சாபிலும் அரியானாவிலும் கோதுமைக் கதிரடிக்கும் இயந்திரங்கள் பெருகின. அறுவடைக் காலந்தோறும் கூலியாட்களின் கைகள் அவற்றில் சிக்கித் துண்டாயின. 'குடித்திருந்தான், தூங்கி வழிந்தான்' என்பதே பொதுவான பேச்சு. பொறியியல் கண்கொண்டு பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. கதிர்க்கட்டைத் தள்ளிவிடும் வாய்ப்பலகை பல இயந்திரங்களில் குட்டையாக இருந்தது. கதிரை உள்ளே தள்ளுகிறவனின் கை, சுழலும் உருளையைத் தொடும் தூரத்திலேயே இருந்தது. இரவு பகலாக வேலை; மங்கிய விளக்கு; சமமில்லாத நிற்குமிடம். ஒரு நாளில் ஆயிரம் முறை கையை நீட்டுகிறவன் ஆயிரத்தொன்றாம் முறை ஓர் அங்குலம் கூடுதலாக நீட்டினால் அதற்குத் தண்டனை கையை வெட்டுவதா? வாய்ப்பலகையின் நீளம் 90 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், அதில் உருளைப் பக்கத்துப் பாதி மூடப்பட்டும் இருந்துவிட்டால், எவ்வளவு அயர்ந்தவனின் கையும் உருளையை எட்டாது. தகரமும் சில ஆணிகளும்தான் செலவு. இந்தியத் தர நிறுவனம் இதற்கெனத் தரம் வகுத்தது. 1983ஆம் ஆண்டில் அபாயகர இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இயந்திரம் எப்படி அமைய வேண்டும், காயமுற்றவருக்கு யார் இழப்பீடு தர வேண்டும் என்று பேசிய சட்டம் அது. நம் வட்டாரத்தில் அதன் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

மற்றொன்று, கையால் சுற்றும் தீவனம் வெட்டும் இயந்திரம். பெரிய சக்கரத்தின் ஆரங்களில் கத்திகள் பூட்டியிருக்கும்; முன்னால் இரண்டு பல்லுருளைகள் தட்டையை உள்ளே இழுக்கும். வட இந்தியக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு முற்றத்தில் நிற்கும் பொருள் இது. இதில் விரலிழந்தவர்களில் கணிசமானோர் குழந்தைகள் என்பதை மோகனின் குழுவினர் கிராமம் கிராமமாகச் சென்று கண்டறிந்தனர். வேலை நடக்காத வேளையில் குழந்தைகள் சக்கரத்தைச் சுற்றி விளையாடுவார்கள்; ஒன்று சுற்றும், மற்றொன்று கை வைக்கும். குழந்தைக்குக் கவனத்தைப் பற்றி உபதேசம் செய்து பயனுண்டா? குழுவினர் மூன்று மாற்றங்களைச் செய்தனர். வேலையில்லாதபோது சக்கரம் சுழலாதபடி பூட்டும் ஓர் ஆணி. கத்திக்கு ஓர் உறை. பல்லுருளைக்கு முன்னால், கை நெருங்கும்போதே தட்டி எச்சரிக்கும் மற்றோர் உருளை. உள்ளூர்க் கொல்லரே செய்து பொருத்தக்கூடியவை இவை. ஒரு பெரிய தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஓர் ஆணியைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார் என்று கேட்டு நகைப்போர் இருக்கலாம். என் மதிப்பில், விண்வெளிக்கு ஏவுகணை விடுவதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று அந்த ஆணி.

நம் மாநிலத்திற்கு வருகிறேன். மலக்குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி மாண்டவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த அவையில் இந்தப் பொருளைப் பேசுவது நேர்மையாகாது. 1993ஆம் ஆண்டு முதல் பதிவான இத்தகைய சாவுகளில் தேசியத் துப்புரவுத் தொழிலாளர் ஆணையத்தின் கணக்கில் தமிழ்நாடே பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது. மாண்டவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று நான் சொல்லத் தேவையில்லை. தொட்டியினுள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகும்போது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணுகிற நொடிதான் சாவின் நொடி. உள்ளே விழுந்தவனைத் தூக்க இறங்கும் இரண்டாமவனும் மூன்றாமவனும் அப்படியே மாள்கிறார்கள். இங்கே எந்தக் கவனம் எவனைக் காக்கும்? இறங்காமல் இருப்பது ஒன்றே காப்பு.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர் உருவாக்கிய 'ஹோமோசெப்' என்னும் இயந்திரம் இந்த வழியில் பிறந்தது. தலைகீழாகப் பிடித்த குடைபோல் விரியும் கத்திகளைத் தொட்டியின் சிறு வாய் வழியே இறக்கி, இறுகிய கசடைக் கலக்கிக் கூழாக்கி, உறிஞ்சி வெளியேற்றுவது அதன் வேலை. துப்புரவுத் தொழிலாளர் இயக்கத்தின் துணையோடு, 2022ஆம் ஆண்டில் முதல் இயந்திரங்கள் தமிழ்நாட்டுச் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அக்குழுக்களை நடத்தியவர்களுள் கணவனைத் தொட்டியில் பறிகொடுத்த பெண்களும் இருந்தார்கள். மனிதனை இறக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாண்டவர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் விதித்தது. 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. சட்டமும் இயந்திரமும் தீர்ப்பும் வந்த பிறகும் இறக்குகிறார்கள் என்றால், குறை தொழில்நுட்பத்தில் இல்லை என்பது வெளிப்படை. மனித உயிர் இயந்திரத்தைவிட மலிவாகக் கிடைக்கும் வரையில் இயந்திரம் கொட்டகையில்தான் நிற்கும்.

சாலையைப் பற்றிச் சுருங்கச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். திண்டிவனத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் 77ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகவே போகிறது. கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கின்றி இருட்டில் நிற்பதையும், நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகும் பெண்கள் சாலையோரம் நடப்பதற்கு ஒரு முழம் இடமின்றி ஒதுங்குவதையும் நாள்தோறும் காண்கிறோம். தலைக்கவசம் அணியுங்கள் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அது உங்கள் கடமை. விளக்கும் நடைபாதையும் கேட்பது உங்கள் உரிமை. முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021 டிசம்பரில் மாநில அரசு தொடங்கியதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

காயங்களுள் மனிதன் மனிதனுக்கு வேண்டுமென்றே இழைப்பதும் உண்டு. 1978ஆம் ஆண்டு விழுப்புரத்தில் நம்மவர் பன்னிருவர் கொல்லப்பட்டதை இங்குள்ள முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அதையும் 'திடீரென மூண்ட கலவரம்' என்றே பேசுகிறார்கள். நெருப்பு திடீரென மூள்வதில்லை. காய்ந்த விறகு எங்கே அடுக்கப்பட்டிருக்கிறது என்பது ஊருக்குத் தெரியும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திற்காக 1995இல் வகுத்த விதிகளின் மூன்றாம் விதியைப் படித்துப் பாருங்கள். வன்கொடுமை நிகழக்கூடிய இடங்களை முன்கூட்டியே கண்டறிய வேண்டும் என்று அது அரசைப் பணிக்கிறது. மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்கிறது பதினேழாம் விதி. நிகழ்ச்சிக்கு முன் என்று ஹாடன் வரைந்த கட்டமும் இதுவும் ஒன்றேயாகும். நாமோ இச்சட்டத்தை அடிபட்ட பிறகு புகார் எழுதுவதற்கு மட்டுமே பயன்படுத்தி வருகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். 1943 டிசம்பரில் அவர் நிலக்கரி வயலுக்குச் சென்று, சுரங்கத்தினுள் தாமே இறங்கி, தொழிலாளி வேலை செய்யும் இடத்தை நேரில் பார்த்தார். கோப்பில் கையெழுத்திடுவதற்கு முன் இடத்தைப் பார்ப்பது என்ற அந்த முறைதான் இந்த ஆராய்ச்சியின் முதற்பாடமும்.

இதற்கு அளவுகோலும் கணக்கும் வேண்டும். நம் செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் மராட்டியப் படைக் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தார்கள், மகிழ்ச்சி. 1714இல் மாண்ட தேசிங்குராஜனின் கதையை நாட்டுப்புறம் இன்றும் பாடுகிறது. இராஜகிரியின் உச்சிக்குக் கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் உருண்டு விழுந்தார்கள் என்பதற்கு மட்டும் ஒரு கல்வெட்டும் இல்லை. கணக்கில் வராதவன் காயம் காயமாகாது.

ஆகவே கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் படிப்பகத்தில் ஒரு காயப் பதிவேடு வையுங்கள். கல்லூரியில் படிக்கும் இளைஞர்கள் ஊருக்கு ஒருவராகப் பொறுப்பேற்று மாதந்தோறும் எழுதட்டும். அடிபட்டவரின் வயது, ஆணா பெண்ணா, செய்த வேலை, நேரம், எந்த இயந்திரம் அல்லது எந்த இடம், அதில் காப்பு இருந்ததா, எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தார், எத்தனை நாழிகையில் மருத்துவமனை சேர்ந்தார், இழப்பீடு கிடைத்ததா என்ற செய்திகள் போதும். பெயர் தேவையில்லை. யார் குற்றம் என்ற கட்டம் அதில் வேண்டா. அது வந்தால் எழுதுகிறவர் கை நடுங்கும், சொல்கிறவர் வாய் மூடிக்கொள்ளும். ஓர் ஆண்டு எழுதினால், ஒரே வளைவில் எத்தனை பேர், ஒரே வகை இயந்திரத்தில் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். அந்தத் தாளோடு வட்டாட்சியரிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் போகலாம். விழுப்புரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறைக்கும் ஒரு படி அனுப்பலாம். இத்தகைய கணக்கை எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லித் தருவதும் அத்துறையின் பாடத்தில் அடங்கியதே. முதற் பதிவேட்டுக்கான நோட்டையும் கட்டங்கள் வரைந்த மாதிரித் தாளையும் இப்போது செயலாளரிடம் ஒப்படைக்கிறேன்.