முற்றத்துக் கொடிப் பந்தல்: திட்டமும் செலவும்
(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பகுதிகளின் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பருத்தி பிரிப்பதும், மிளகாய்க் காம்பு கிள்ளுவதும், காகிதக் குழாய் சுருட்டுவதும் முற்றத்து நிழலில்தான். அந்த நிழலுக்கு நாம் வழக்கமாகப் போடுவது கீற்றுப் பந்தல். போடும்போது செலவு குறைவு. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் கீற்று மாற்ற வேண்டும்.

அதைவிடப் பெரிய கேடு தீ. 2004 ஜனவரியில் திருவரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக் கீற்றுக் கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளைப் பலி கொண்டது. பஞ்சும் காகிதமும் குவிந்த முற்றத்தில் தீபாவளிப் பொறி ஒன்று விழுந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, கல்கால் நட்டுக் கம்பி கட்டி, காய்கறிக் கொடி ஏற்றுவதே நமக்கு ஏற்றது.

முதலில் அளவு. 20 அடி நீளம், 10 அடி அகலம் என்று கொள்வோம். 10 அடி இடைவெளியில் 6 கல்கால்கள் தேவை. காலின் உயரம் 10 அடி. செம்மண்ணில் 2 அடி, கரிசலில் இரண்டரை அடி ஆழம் புதைக்கவும். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும், கால் சாய்ந்துவிடும். எனவே குழியில் தோண்டிய மண்ணையே தள்ளாமல், சரளையும் உடைகல்லும் போட்டு நன்கு இடிக்க வேண்டும்.

அடுத்து கம்பி. சுற்றிலும் 60 அடி, நடுவில் 10 அடி தடித்த கம்பி. நான்கு மூலைக் கால்களையும் வெளிப்புறம் இழுத்துக் கட்ட 12 அடி வீதம் 48 அடி. உள்ளே 2 அடிக்கு ஒன்றாக நீளவாட்டில் 4, குறுக்கே 8 மெல்லிய கம்பிகள். மொத்தம் 160 அடி. முறுக்குவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், தடித்தது 130 அடி, மெல்லியது 176 அடி.

விலை ஊருக்கு ஊர் மாறும். இந்த எண்ணிக்கை மாறாது. இதைத் தாளில் எழுதி, கல், கம்பி, வண்டி வாடகை, கூலி என்று தனித்தனியாக உங்கள் ஊர் விலையைப் போடுங்கள். எதிர்பாராச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேருங்கள். பக்கத்திலேயே கீற்றுப் பந்தலின் ஐந்தாண்டுச் செலவையும் எழுதி ஒப்பிடுங்கள். கையில் பணம் போதாவிட்டால் வட்டிக்கு வாங்க வேண்டாம். இவ்வாண்டு கல்காலும் தடித்த கம்பியும் போதும். உள்ளே தென்னங்கயிறு கட்டிச் சமாளிக்கலாம். மெல்லிய கம்பியை அடுத்த ஆண்டு வாங்கலாம்.

காலுக்கு ஒரு குழியாக 6 குழிகள், ஒவ்வொன்றும் ஓரடி நீள, அகல, ஆழம். குழிக்கு 10 கிலோ மக்கிய தொழுஉரம் இடவும். தை மாதத்தில் பி.கே.எம். 1 புடல், எம்.டி.யு. 1 பாகல் விதைகளை ஊன்றலாம். இரண்டு குழிகளில் கோவைத் தண்டு நட்டால் பல ஆண்டுகள் நிற்கும். கோடையில் குழிக்கு நாளுக்கு ஒரு குடம் நீராவது வேண்டும். தண்ணீருக்கும் வரவு செலவு பார்த்து, வசதியில்லையெனில் குழிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக மூன்று எச்சரிக்கைகள். மின்சார ஒயரைப் பந்தல் கம்பியில் சுற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து. காய்ந்த கொடியும் கீற்றைப் போலவே எரியும். தீபாவளிக்கு முன் அறுத்து அகற்றுங்கள். உரிமமின்றி வீட்டில் மருந்து அடைப்பதும் வெடி செய்வதும் சட்டப்படி குற்றம். எந்தப் பந்தலும் அதற்குப் பாதுகாப்பு ஆகாது.

நிழலும் காயும் தரும் இந்தப் பந்தலை வரும் தைக்குள் அமைத்துப் பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.