மந்தகாலமும் சிறு வியாபாரிகளும்

(நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வியாபாரம் மந்தமாயிருக்குங் காலத்தில் சிறு வியாபாரிகளை ஆதரிப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இதைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் சர்க்கார் என்ன செய்யவேண்டும், பாங்குகள் என்ன செய்யவேண்டும் என்றே பேசுவர். அவையும் வேண்டியனவே. ஆயினும், நம் கையிலேயே இருப்பதும், இன்றே செய்யத்தக்கதும், ஒரு காசும் நன்கொடை கேளாததுமான உதவி ஒன்று உண்டு. சிறு வியாபாரிக்கு நாம் கொடுக்கவேண்டிய பாக்கியைத் தாமதமின்றிக் கொடுத்துவிடுதலே அது. இஃது அற்ப விஷயமாகத் தோன்றலாம். அற்பமன்று என்பதைக் கணக்குக் கொண்டே காட்ட விரும்புகின்றோம்.

எடுத்துக்காட்டாக, 4 லட்சம் ரூபாய் முதலுள்ள ஒரு மளிகைக் கடையை எண்ணிப் பாருங்கள். அம்முதல் மாதம் இருமுறை சுழல்வதாகக் கொள்வோம். 8 லட்சத்துக்குச் சரக்கு வாங்கி, ரூபாய்க்குப் பத்துக் காசு லாபம் வைத்து விற்றால் வருவது 80,000. வாடகை, ஆள் சம்பளம், மின்சாரம், வண்டிக்கூலி யாவும் 50,000 போக, குடும்பத்துக்கு மிஞ்சுவது 30,000. இனி, அம்முதலிற் பாதியாகிய 2 லட்சம் வரவேண்டிய பாக்கியாய் வெளியில் நின்றுவிட்டதாகக் கொள்ளுங்கள். மீதி 2 லட்சத்தைக் கொண்டு மாதம் 4 லட்சத்துக்கே சரக்குப் பிடிக்கலாம். லாபம் 40,000. செலவோ அதே 50,000. மாதம் 10,000 நஷ்டம். சரக்கின் விலை இறங்கவில்லை, திருட்டுப் போகவில்லை, வாடிக்கையும் குறையவில்லை. நாளேட்டில் 2 லட்சம் வரவு இருப்பதாகவே எழுதியிருக்கும். கடை மட்டும் மூழ்கிக்கொண்டிருக்கும்.

சிறு கடைகள் நஷ்டத்தால் அழிவதினும் முடக்கத்தால் அழிவதே அதிகம் என்று நாம் சொல்லுவது இது பற்றியே. நல்ல காலத்தில் இம்முடக்கம் வெளியே தெரிவதில்லை. மந்தகாலம் வந்தவுடன் ஒவ்வொருவரும் தம் கைப்பணத்தைப் பற்றிக்கொண்டு, தாம் கொடுக்கவேண்டியதைப் பின்தள்ளுகின்றனர். பெரிய வியாபாரி நடுத்தர வியாபாரிக்கும், அவர் சிறிய வியாபாரிக்கும் தவணை சொல்லுகின்றனர். கடைசியில் நிற்பவன் யாருக்குத் தவணை சொல்லுவான்? ஆள் சம்பளத்துக்கும் வாடகைக்கும் தவணை இல்லை. அவன் தண்டற்காரனிடம் போகின்றான். கையில் 8,500 ரூபாய் பெற்று, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் 10,000 ரூபாய் செலுத்துகின்றான். முதல் நாளுக்கு நாள் குறைந்து வருதலால், இது வருஷக் கணக்கில் நூற்றுக்கு நூறு வட்டிக்கும் மேற்பட்டதாகும். இத்தகைய கொள்ளை வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷத்திலேயே சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும், நாம் கொடுக்காத பாக்கியே அவனை அவ்வாசலுக்கு அனுப்பி வைக்கின்றது.

நிற்க. மந்தகாலத்தில் கடனை நடத்தும் முறை தவறினால் கடன் கொடுத்தவனுக்கும் சுகமில்லை என்பதற்குச் சரித்திரம் சாட்சி கூறும். 1929-இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் நெல் விலை பெரிதும் வீழ்ந்தது. பர்மாவில் உழவர்களுக்குக் கடன் கொடுத்திருந்த நகரத்தார் பெருமக்களுக்கு வட்டியும் வரவில்லை, முதலும் வரவில்லை. ஈடு வைத்த நிலமே வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-இல் அவர்கள் கைவசம் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1938-இல் அது 25 பங்காயிற்று. அவர்கள் விரும்பித் தேடிய நிலமன்று அது. ஆயினும் நிலமிழந்த குடிகளின் மனக்கசப்பு வளர்ந்தது. 1942-இல் யுத்தம் வந்து பலர் ஊர் திரும்ப நேர்ந்தது. சுதந்திர பர்மா 1948-இல் நிலங்களைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. வியாபாரத் திறமையிலும் நாணயத்திலும் பேர்பெற்ற சமூகத்தாருக்கே இவ்வாறாயின், கடன்பட்டவன் பிழைத்திருந்தாலன்றிக் கடன் கொடுத்தவன் பிழையான் என்னும் பாடத்தை நாம் கற்கவேண்டாமா?

இப்பாடத்தை நம் முன்னோர் தம் முறையில் அறிந்திருந்தனர். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் குடியேறி வண்டிப் பேட்டைகள் அமைத்த காலத்தில், அவர்களுக்குச் சர்க்கார் உதவியும் இல்லை, பாங்கும் இல்லை. வாங்கும் சரக்கிலும் விற்கும் சரக்கிலும் சிறு பங்கு எடுத்து மகமை என்று வைத்தனர். மகமையால் கிணறும் சாவடியும் கோவிலும் எழுந்தன. மகமையும் வீடுதோறும் எடுத்த பிடியரிசியும் சேர்ந்தே 1889-இல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றிற்று. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் பாங்கு ஏற்பட்டது. 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கு எனப் பெயர் மாறிற்று. இவற்றை எடுத்துச் சொல்லிப் பெருமை கொள்வது எளிது. மகமை நின்றது எதனால் என்பதை எண்ணுவதே முக்கியம். ஒவ்வொருவனும் தன் கணக்கிலிருந்து எடுக்கவேண்டியதை எடுக்கவேண்டிய நாளில் எடுத்து வைத்தமையாலன்றோ அது நின்றது?

இனி, நம் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச்சு 25-ஆம் தேதி தேசமெங்கும் ஊரடங்கு வந்தபோது, சர்க்கார் செய்த உதவிகளை நாம் மறுக்கவில்லை. அவ்வருஷம் மே மாதத்தில் அவசரக் கடன் ஜாமீன் திட்டம் வந்தது. 2020 பிப்ரவரி 29-ஆம் தேதியில் நிலுவையாயிருந்த கடனில் நூற்றுக்கு 20 பங்கு வரை மேற்கொண்டு கடன் பெறலாயிற்று. ஆனால், முன்னமே பாங்கிற் கடன் வைத்திருந்தவர்க்கே அது பயன்பட்டது. சொந்த முதலிலேயே கடை நடத்திய யோக்கியனுக்கு அதில் இடமில்லை. ஜூன் மாதத்தில் தெரு வியாபாரிகளுக்கு முதற்கடன் 10,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் வந்தது. அது தள்ளுவண்டிக்காரருக்குப் பேருதவி. கடை வைத்திருப்போருக்கு அன்று.

பாக்கி விஷயத்திலும் சட்டம் உண்டு. 2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அபிவிருத்திச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழிலாளரிடம் சரக்கோ ஊழியமோ பெற்றவர், எழுத்து உடன்படிக்கை இருப்பின் அதிற் கண்ட நாளுக்குள், எவ்வாறாயினும் 45 நாளுக்கு மேற்படாமல், பணம் கொடுத்தாக வேண்டும். உடன்படிக்கை இல்லையேல் 15 நாள். தவறினால், ரிசர்வ் பாங்கின் பாங்கு வட்டி விகிதத்தைப்போல் மும்மடங்கு, மாதந்தோறும் வட்டிக்கு வட்டியாகச் சேரும். 2023-ஆம் வருஷத்து நிதிச் சட்டமோ, கெடு தாண்டிய பாக்கியை உண்மையிற் செலுத்தும் வருஷம்வரை வருமான வரிக் கணக்கிற் செலவாகக் கழிக்க விடுவதில்லை. ஆயினும் இதில் ஓர் இடைவெளியைக் கவனியுங்கள். சில்லறை, மொத்த வியாபாரிகள் உத்யம் பதிவு பெற 2021 ஜூலையில் இடங்கொடுத்தபோது, அது முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே என்று வரையறுத்தனர். பெட்டி செய்பவருக்கும் அச்சடிப்பவருக்கும் உள்ள பாக்கிப் பாதுகாப்பு, பருப்பு விற்பவருக்கு இல்லை. சட்டம் எட்டாத இவ்விடத்தில் நாணயம் ஒன்றே காவல். நம்மிற் பெரும்பாலோர் நிற்பதும் இவ்விடத்திலேயே.

ஆதலின், நம் அங்கத்தினர்கள் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, நம்மிற் பெருவியாபாரம் செய்வோர், சிறியவர்களிடம் கொண்ட சரக்குக்கும் வேலைக்கும் 15 நாளுக்குள், கேளாமலே, பணம் கொடுத்துவிடவேண்டும். கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று அஞ்சி வாய் திறவாதிருப்பவன் சிறியவன். அவன் மௌனத்தைச் சம்மதமென்று கொள்ளுதல் தர்மமாகாது. கலியாண மண்டபத்துக்கு நன்கொடை கொடுத்துக் கல்லில் பேர் பொறித்துக்கொள்ளும் கை, பந்தற்காரனுக்கும் சமையற்காரனுக்கும் பாக்கி வைக்குமாயின், அந்நன்கொடை யாருடைய பணம்?

இரண்டாவது, மொத்த வியாபாரிகள், பாக்கி நின்ற சிறு கடைக்கு ஒரேயடியாகச் சரக்கை நிறுத்தாதிருக்கவேண்டும். பழைய பாக்கியைத் தனியே ஒதுக்கித் தவணை கட்டி, புதுச் சரக்கைச் சிறுகச் சிறுக ரொக்கத்துக்குக் கொடுக்கலாம். கடை நடந்தால் பழைய பாக்கி வரும். கடை மூடினால் எதைக் கொண்டு வரும்?

மூன்றாவது, மகமையில் ஒரு பங்கை நன்கொடையாகச் செலவழியாமல், 90 நாட் சுழற்கடனாக வைக்கவேண்டும். இருவர் ஜாமீனும், எழுத்துக் கணக்கும், சிறு தொகையும், குறைந்த வட்டியும் அதற்கு இலக்கணமாகுக. சரக்குப் பிடிக்கவன்றி வேறு செலவுக்கு அதில் இடமில்லை. அதைக் கூட்டுறவுச் சட்டப்படி பதிவு பெற்ற சங்கத்தின் வாயிலாகவே நடத்தவேண்டும். காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-லேயே பதிவாயிற்று. வழி தெரியவில்லை என்று சொல்ல நமக்கு நியாயமில்லை.

நான்காவது, நம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பெரிய அங்காடிகளில் விலை குறைவாயிருக்குமிடத்து வாங்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. குடும்பம் நடத்துவோருக்குக் காசின் அருமை நம்மினும் நன்கு தெரியும். ஆனால், கைப்பணம் உள்ள மாதத்தில் அங்காடியும், இல்லாத மாதத்தில் தெருக்கடைக் கணக்குப் புத்தகமும் என்றால், தெருக்கடை எப்படி நிற்கும்? வீட்டுக்கடனை மாதம் பிறந்தவுடன் தீர்த்துவிடுங்கள். ஒரு வீட்டின் 3,000 ரூபாய் சிறிதே. நூறு வீட்டு 3,000 சேர்ந்தால் 3 லட்சம். நாம் முன்னே கண்ட கடையின் முதலில் முக்காற்பங்கு அது.

சிறு வியாபாரிகளுக்கும் கடமை உண்டு. கடைக் கல்லாவும் வீட்டுச் செலவும் ஒன்றாயிருக்குமட்டும் எவராலும் உதவ முடியாது. மாதச் சம்பளம்போல் தனக்கென ஒரு தொகை எழுதி எடுத்துக்கொண்டு, மற்றதைக் கடைக்கே விடவேண்டும். விற்காத சரக்கை விலை குறைத்தேனும் ரொக்கமாக்கவேண்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. தரகருக்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. இவற்றினும் கடினமான உண்மை ஒன்றும் உண்டு. பணம் முடங்கியதால் தளர்ந்த கடை வேறு. வியாபாரமே போய்விட்ட கடை வேறு. முன்னதைத் தாங்கவேண்டும். பின்னதற்குக் கடன் கொடுப்பது உதவியன்று. விழுகிறவன் முதுகில் மூட்டை ஏற்றுவதாகும். அக்கடைக்காரர் பிறர் பணத்தைத் தீர்த்து மரியாதையாய்க் கதவடைக்கவும், வேறு தொழிலில் அமரவும் துணை நிற்பதே அவருக்குச் செய்யும் உபகாரம். கடை மூடியவரை இளப்பமாய்ப் பேசும் வழக்கத்தை நம் வீடுகளில் ஒழிக்கவேண்டும். அப்பேச்சுக்கு அஞ்சியே பலர் கடன்மேற் கடன் வாங்குகின்றனர்.

கடைசியாக ஒன்று. சங்கம் நம் சமூகத்தது, மகமையும் நம்முடையது. ஆனால் பாக்கிக்குச் சாதி இல்லை. நம் கடைகளில் வாங்குவோர் எல்லாச் சமூகத்தாரும் ஆவர். நமக்குச் சரக்கு ஏற்றி இறக்குவோரும், பெட்டி அடிப்போரும், வண்டி ஓட்டுவோரும் எல்லாச் சமூகத்தாருமே. நம்மவருக்கு மட்டும் நாணயமாய் நடந்து, பிறரைக் காக்க வைப்போமாயின், அதற்கு நாணயம் என்ற பேர் பொருந்தாது. ஒரு காலத்தில் பிறர் நம்மைத் தெருவிலும் கோவில் வாசலிலும் காக்க வைத்தனர். அத்துன்பத்தை அறிந்த நாம், கூலிக்கும் விலைக்கும் ஒருவனைக் காக்க வைக்கலாமா?

ஆதலால் இக்கூட்டத்தில் நீண்ட தீர்மானம் ஒன்றும் வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் வீடு சென்று, தாம் கொடுக்கவேண்டிய பாக்கிகளை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றுள் மிகச் சிறிய ஆளுக்குரியது எதுவோ அதை முதலில் தீருங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில், எவரெவருக்கு எவ்வளவு என்று சொல்லவேண்டாம். 15 நாளுக்கு மேற்பட்ட பாக்கி தம்மிடம் இல்லை என்று கைதூக்குவோர் எத்தனை பேர் என்பதை மட்டும் எண்ணுவோம். அந்த எண்ணிக்கை இப்பத்திரிகையில் மாதந்தோறும் வெளிவருமாக.