ஆறிப்போன சூப்



ஆண்டுதோறும் டிசம்பர் 5ஆம் திகதி சர்வதேச தொண்டர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985இல் எடுத்த தீர்மானத்தால் வந்த தினம் அது. அன்றைக்கு மேடைகளில் தொண்டின் மகிமை பற்றிப் பலர் பேசுவார்கள். அவற்றைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சாப்பாட்டு மேசைதான் நினைவுக்கு வரும். அந்த மேசையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1994ஆம் ஆண்டு. எனக்கு 22 வயது. மாத்தளையில் பிறந்து வளர்ந்தவன். தெரிந்த ஒருவரின் மூலம், ஸ்கொட்லாந்தில் ஓராண்டு தொண்டராகப் பணியாற்றும் வாய்ப்புக் கிடைத்தது. சம்பளம் இல்லை. தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, கைச்செலவுக்குச் சிறிது பணம், அவ்வளவுதான். "பையன் சீமைக்குப் போகிறான்" என்று அக்கம்பக்கத்தார் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். சம்பளம் இல்லாத விடயத்தை அம்மா யாருக்கும் சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்ந்தது அபர்டீன் நகருக்கு அண்மையில் உள்ள ஒரு குடியிருப்பு. அது கேம்ப்ஹில் என்ற இயக்கத்தைச் சேர்ந்தது. அந்த இயக்கத்தின் கதை சுவையானது. வியன்னாவில் பிறந்த கார்ல் கோனிக் என்ற யூத வைத்தியர், 1938இல் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுக்குள் நுழைந்த பின்னர், அகதியாக ஸ்கொட்லாந்துக்கு வந்தார். அவரோடு சில இளம் அகதிகளும் சேர்ந்துகொண்டார்கள். நாடிழந்த அவர்கள், சமூகத்தால் ஒதுக்கப்பட்டிருந்த மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வாழத் தொடங்கினார்கள். 1940இல் ஆண்களை எதிரி நாட்டவர் என்று பிரித்தானிய அரசு தடுப்பு முகாமுக்குக் கொண்டுசென்றுவிட்டது. அவ்வேளையிலும், அதே ஆண்டு யூன் மாதம், பெண்கள் தனியாக நின்று டீ நதியோரத்தில் இருந்த கேம்ப்ஹில் என்ற வீட்டுக்குக் குடிபெயர்ந்து வேலையைத் தொடர்ந்தார்கள். இன்று இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் அத்தகைய குடியிருப்புகள் இருக்கின்றன. நதிக்கு டீ என்று பெயர் இருப்பதைத் தேயிலை நாட்டவனாகிய நான் வீட்டுக்கு எழுதியபோது, தம்பி தங்கைகள் நம்பவில்லை.

அங்கே தொண்டர்களுக்கென்று தனி விடுதி இல்லை. உதவி தேவைப்படுபவர்களும் உதவ வந்தவர்களும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டு வாழ வேண்டும். எங்கள் வீட்டில் 12 பேர். காலையில் ஆறரைக்கு எழும்பி, இருவரை எழுப்பி, முகம் கழுவ, உடுத்த உதவுவேன். ஓட்ஸ் கஞ்சி குடித்த பிறகு, பேக்கரி, நெசவு, மெழுகுதிரி, தோட்டம் என்று அவரவர் வேலைக்குப் போவோம். மாலையில் சமையல், பாத்திரம் கழுவல், குளிக்க வார்த்தல், மலசலகூடம் சுத்தம் செய்தல். டிசம்பர் மாதத்தில் அங்கே சூரியன் காலை எட்டே முக்காலுக்குத்தான் தலைகாட்டும். பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் மறைந்துவிடும். நான் செய்த வேலையில் பாதி இருட்டில் செய்த வேலை.

நேயர்களே, நான் அதுவரை சாப்பிட்ட தட்டைக் கழுவியவன் அல்லன். எங்கள் வீடுகளில் ஆண்பிள்ளைகள் கழுவுவதில்லை. செய்திகளை எழுதியபோது அம்மாவிடமிருந்து பதில் வந்தது: "அடுத்தவன் தட்டைக் கழுவவா மகனே உன்னைப் படிக்க வைத்தோம்?" அந்தக் கடிதத்தை மடித்து வைத்தேன். ஆனால் உள்ளுக்குள்ளே ஒரு பெருமிதம் இல்லாமலும் இல்லை. பெரிய தியாகம் செய்கிறேன் என்ற நினைப்பு.

அந்த நினைப்பை உடைத்தவர் எங்கள் வீட்டிலிருந்த ஒரு பெரியவர். ஐம்பது வயதைக் கடந்தவர். நாலைந்து சொற்களுக்கு மேல் பேசமாட்டார். சாப்பாட்டு மேசையை ஒழுங்கு செய்வது அவர் பொறுப்பு. பெயரைத் தவிர்த்து, மேசைக்காரர் என்றே அவரைக் குறிப்பிடுகிறேன்.

12 பேருக்குக் கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி. மொத்தம் 36. அவற்றை அள்ளிக்கொண்டு வரமாட்டார். லாச்சியிலிருந்து ஒன்றை எடுப்பார். மேசைக்கு நடந்து வருவார். வைப்பார். சற்றுத் தள்ளி நின்று பார்ப்பார். கோணலாக இருந்தால் திருத்துவார். பின்பு அடுத்ததற்குப் போவார். முக்கால் மணித்தியாலம் பிடிக்கும்.

ஒரு நாள் மாலை சமையல் பிந்திவிட்டது. எல்லாருக்கும் பசி. மேசைக்காரரோ பத்துக் கரண்டிகளோடு நின்றார். பாவம், உதவி செய்வோம் என்று, அவர் அடுத்த அறைக்குப் போன சமயம், மீதி எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் அடுக்கிவிட்டேன். திரும்பி வந்தவர் மேசையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் வைத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு தடவையும் நடந்துபோய், லாச்சியில் போட்டார். எல்லாம் காலியான பிறகு முதலாவது கரண்டியிலிருந்து தொடங்கினார். வீட்டார் அனைவரும் நின்றபடி காத்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சூப் ஆறிப்போயிற்று.

அன்றிரவு பாத்திரம் துடைக்கையில், என்னோடிருந்த ஜெர்மன் இளைஞனிடம் வாய்விட்டுக் குறைப்பட்டேன். "உதவி செய்தது குற்றமா?" என்றேன். அவன் கட்டாய இராணுவ சேவைக்கு மனச்சாட்சி இடம் தராதபடியால், அதற்குப் பதிலாக இந்த வேலைக்கு வந்தவன். 2011இல் கட்டாய சேவை நிறுத்தப்படும்வரை ஜெர்மனியில் அப்படியொரு ஏற்பாடு இருந்தது. என் வயதுப் பிள்ளைகள் இரு பக்கமும் துவக்கோடு நின்ற நாட்டிலிருந்து போன எனக்கு அதுவே ஓர் ஆச்சரியம். அவன் தட்டைத் துடைத்துக்கொண்டே, "அவருக்கு ஒரு நாளில் இருப்பது அந்த ஒரு வேலை. அதை நீ எடுத்துவிட்டாய்" என்றான்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மேசைக்காரரை நினைத்து அல்ல. சித்தியின் மகனை நினைத்து.

மாத்தளையில் சித்தியின் வீடு எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அவருடைய இளைய மகன், என்னைவிட ஆறு வயது இளையவன், மேசைக்காரரைப் போலவே பிறந்தவன். வீட்டுக்கு யாராவது வந்தால் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். சித்தி கல்நெஞ்சக்காரி அல்ல. ஊட்டுவார், குளிப்பாட்டுவார், இரவில் அவன் பக்கத்திலேயே படுப்பார். அக்காவுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம். சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே நானும் எத்தனை தடவை அந்த வீட்டில் விருந்து சாப்பிட்டிருக்கிறேன்! முன்பின் தெரியாத ஒருவருக்கு முகம் கழுவிவிட ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த நான், சொந்தத் தம்பியோடு ஒரு நாளாவது ஒரே பாயில் இருந்து சாப்பிட்டதில்லை.

அதன் பிறகு நான் மேசைக்காரரைக் காத்திருக்கப் பழகினேன். அது தட்டுக் கழுவுவதைவிடக் கடினம். கை சும்மா இருக்க மறுக்கும். சில வாரங்கள் கழிந்து ஒரு நாள் என் இடத்தைப் பார்த்தேன். முள்ளுக்கரண்டியும் கத்தியும் இல்லை. ஒரு கரண்டி மட்டும் நேராக வைக்கப்பட்டிருந்தது. முள்ளுக்கரண்டியால் பட்டாணி குத்தத் தெரியாமல் நான் தினமும் தட்டில் உருட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்கிறார். யாருக்கும் தெரியாமல் என் குறையை மறைத்து எனக்கு உதவி செய்துவிட்டார். அந்த வீட்டில் தொண்டர் யார் என்று அன்று எனக்கே சந்தேகம் வந்தது.

1995இல் ஊர் திரும்பினேன். சித்தி வீட்டில் விருந்து. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. "தம்பியும் வரட்டும் சித்தி. தண்ணீர் அவன் வைக்கட்டும்" என்றேன். "சிந்திவிடுவான் ராசா, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறாய், நிம்மதியாகச் சாப்பிடு" என்றார். நான் சோற்றில் கை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சித்தி எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

தம்பி செம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தான். பாதித் தண்ணீர் நிலத்தில் போயிற்று. ஒவ்வொரு குவளையாக ஊற்றினான். சித்தப்பா இரண்டு தடவை எழும்பப் பார்த்தார். சித்தி கண்ணால் தடுத்துவிட்டார். கடைசிக் குவளையை நிரப்பிவிட்டு, அவன் சற்றுத் தள்ளி நின்று பார்த்தான். மேசைக்காரர் பார்த்த அதே பார்வை.

இன்று சித்தியும் சித்தப்பாவும் இல்லை. தம்பி எங்கள் வீட்டில் இருக்கிறான். நாற்பது வயதைத் தாண்டிவிட்டான். சாப்பாட்டு வேளையில் தண்ணீர் வைப்பது அவனுடைய வேலை. வேறு யாரும் செம்பைத் தொடக்கூடாது. அம்மாவும் காத்திருக்கப் பழகிவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறவர்களிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சோறு கொஞ்சம் ஆறித்தான் இருக்கும்.